என் இடது கண்ணும் பேரனின் முதல் ஆண்டும்

எங்கள் பேரன் பிறந்த மூன்றாவது வாரத்தில் மனதைப் பறிகொடுத்தது அவன் அம்மாவிடமும் அல்ல, பாட்டியிடமும் அல்ல; என் கைலியிடம். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய கட்டம் போட்ட பர்மியக் கைலி, துவைத்துத் துவைத்து நூல் விட்டுப்போன பழசு. அவனை மடியில் கிடத்திக்கொண்டால் பால் குடித்த கிறக்கத்திலும் அரைக் கண்ணைத் திறந்து அந்தக் கட்டங்களையே வெறித்துக்கொண்டிருப்பான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வாங்கி அனுப்பிய இளநீல யானைப் பொம்மை பக்கத்திலேயே கிடந்தது. அதை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மனம் நோகக் கூடாதே என்று என் மனைவி, வீடியோ அழைப்பு வரும் நேரத்தில் மட்டும் யானையை எடுத்துக் குழந்தையின் தலைமாட்டில் வைப்பாள். அழைப்பு முடிந்ததும் யானை அலமாரிக்குத் திரும்பிவிடும்.

யானையின் மேல் குற்றமில்லை. பிறந்த குழந்தைக்கு இளநீலமும் வெளிர்மஞ்சளும் விரிப்பின் வெள்ளையோடு கரைந்துபோய்விடும். நல்ல பார்வை உள்ளவர் 120 மீட்டரிலிருந்து இனம் காணும் ஒன்றை, பிறந்த குழந்தை 6 மீட்டருக்கு வந்தால்தான் காண முடியும் என்று கண் மருத்துவர்கள் தோராயமாகச் சொல்வார்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டுமே அதற்கு ஒரு கோடோ விளிம்போ புலப்படும். விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்கென்று ஒரு சிறு குழி இருக்கிறது. பெரியவர்களுக்கு அங்கே கூம்பு வடிவச் செல்கள் மெலிந்து நீண்டு நெருக்கியடித்து நிற்கும். பிறந்த குழந்தைக்கு அவை குட்டையும் தடியுமாக, பண்டிகை முடிந்த மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள்போல இடம்விட்டு இருக்கும். அவை உள்ளே நகர்ந்து நெருங்கி அமைய ஆண்டுக்கணக்கில் ஆகும். குழந்தை பிறக்கும்போதே கண் முழு அளவில் இருக்கும், பிறகு வளராது என்று எங்கள் தெருவில் ஒருவர் அடித்துச் சொன்னார். அதுவும் சரியில்லை. பிறக்கும்போது முன்னும் பின்னுமாகச் சுமார் 17 மில்லிமீட்டர், வளர்ந்தபின் 24.

ஆனால் பசிக்கு ஏற்ற பார்வையாக அதை அமைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம். பால் கொடுக்கும் தாயின் முகம் சரியாக அங்கேதான் இருக்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் சீர்வரிசை, வந்துபோகும் அத்தைமார், மாமாமார், சுவரில் மாட்டிய முருகன் படம் எல்லாம் பனிமூட்டம்.

நாங்கள் இருப்பது ரங்கூனின் நடுவில், எண்களைப் பெயராகக் கொண்ட தெருக்களில் ஒன்றில், ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. 1989-ல் ஊர்ப் பெயரை யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள். என் வாய் இன்னும் மாறவில்லை. மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பெற்றவளின் காதில் காற்றுப் புகக் கூடாது என்று என் மனைவி அவள் தலையைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். நெற்றி முடி, காது, எல்லாம் மறைந்துவிட்டன. அன்று மகள் குழந்தையைக் குனிந்து பார்த்தபோது அவன் பார்த்தும் பாராதவன்போல் இருந்தான். அவள் குரல் கொடுத்த பிறகுதான் முகம் திரும்பியது. "என்னை இவனுக்குத் தெரியவில்லை அப்பா" என்று அவள் கண் கலங்கிவிட்டாள்.

அவளைத் தேற்ற எனக்கு ஒரு ஆராய்ச்சி கைகொடுத்தது. பிரான்சில் பஸ்காலி என்பவரும் அவருடைய சகாக்களும் 1995-ல் வெளியிட்டது. பிறந்து நான்கு நாள் ஆன குழந்தைகளுக்கு முன்னால் தாயையும் வேறொரு பெண்ணையும் உட்காரவைத்தார்கள். வாசனையும் குரலும் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். குழந்தைகள் தாயைத்தான் அதிக நேரம் பார்த்தன. பிறகு இரண்டு பெண்களின் தலையிலும் துணியைக் கட்டி முடியை மறைத்தார்கள். அவ்வளவுதான், குழந்தைகளுக்கு யார் தாய், யார் அயலார் என்ற வேறுபாடு போய்விட்டது. அந்த வயதில் குழந்தை தாயின் கண்ணையோ மூக்கையோ அறிவதில்லை. கறுத்த முடி முடிந்து நெற்றி தொடங்கும் அந்த எல்லைக்கோட்டைத்தான் அறிகிறது. இரண்டாம் மாதத்தில்தான் பார்வை உள்ளே இறங்கிக் கண்களுக்கு வரும். இதை நான் விளக்கி முடித்ததும் மகள் துண்டை அவிழ்த்துப் போட்டாள். என் மனைவி மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேசத் தெரியாத குழந்தைக்கு என்ன தெரிகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற அமெரிக்கர் அதற்கு ஒரு வழி செய்தார். 1961-ல் அவர் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. குழந்தையை ஒரு பெட்டிக்குள் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே இரண்டு படங்களை மாட்டி, நடுவில் ஒரு துளை வழியாக அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை எந்தப் படத்தைப் பார்க்கிறதோ அந்தப் படத்தின் குட்டி நிழல் அதன் கருமணியின் மேல் விழும். எது எவ்வளவு நேரம் விழுகிறது என்று கணக்கெடுத்தார். வெறும் வண்ணத் தாளைவிடக் கோடும் கட்டமும் முகமும் வென்றன. அதே முறையைச் செம்மைப்படுத்தி, நெருக்கமும் அகலமுமான கோடுகள் போட்ட அட்டைகளைக் கொண்டு கைக்குழந்தையின் பார்வையை இன்று அளந்துவிடுகிறார்கள். கருமணிக்குள் தெரியும் உருவத்தை நம் ஆட்கள் 'பாப்பா' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். ஃபான்ட்ஸ் அந்தப் பாப்பாவை உட்கார்ந்து எண்ணினார்.

நானும் எண்ணிப் பார்த்தேன். பேரனின் கண்ணில் என் கைலிக் கட்டங்கள் சிறு வலைபோல் தெரிந்தன. கறுப்பு வெள்ளை அட்டைகள் என்று இப்போது காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்களாம். மகள் ஒரு கட்டு வரவழைக்க இருந்தாள். ஒரு கைலி வீட்டில் இருக்கும்போது அது வீண்செலவு என்று தடுத்துவிட்டேன்.

இவ்வளவு அக்கறை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், என் இடது கண்ணிலிருந்து.

சிறு வயதில் என் இடது கருமணி மூக்கை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று அம்மா பூரித்துப்போவார். 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமையானபோது எங்கள் துணிக்கடையும் போயிற்று. பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறியது, நாங்கள் தங்கிவிட்டோம். அதிர்ஷ்டத்தின் அளவு அவ்வளவுதான். தெருவில் பர்மியப் பையன்கள் வட்டமாக நின்று சின்லோன் ஆடுவார்கள். பிரம்பால் பின்னிய பந்து. கை படாமல் காலாலும் முழங்காலாலும் தலையாலும் தட்டித் தட்டித் தரையில் விழாமல் காப்பாற்ற வேண்டும். என்னிடம் வரும் பந்து நான் காலைத் தூக்குவதற்கு முன்போ பின்போ போய்விடும். சில நாள் மூக்கில் வந்து மோதும். 'இவனுக்குக் கால் வராது' என்று ஒதுக்கிவிட்டார்கள். காலில் ஒன்றும் இல்லை என்று எனக்கே பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

1975-ல் ஒரு குமாஸ்தா வேலைக்காக உடல் தகுதி பார்க்கப் போனேன். இடது கண்ணை மூடி அட்டையை மளமளவென்று படித்துவிட்டேன். வலது கண்ணை மூடச் சொன்னார்கள். உச்சியில் இருந்த ஒரு பெரிய எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் எறும்புப் புற்று. அந்த ஒற்றைக் கண்ணோடு நான் பத்தொன்பது ஆண்டு ஓட்டியிருக்கிறேன் என்பதை நம்பாமல் அந்த அட்டையையே கையில் வாங்கிப் பார்த்தேன். கண் பழுதில்லை, கண்ணாடி போட்டாலும் பயனில்லை, மூளை அந்தக் கண்ணைக் கைகழுவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வேலை கிடைக்கவில்லை.

இரண்டு கண்ணும் வேறு வேறு இடத்தைப் பார்த்தால் மூளைக்கு ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தாங்காமல் அது ஒரு கண்ணின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. சோம்பல் கண் என்கிறார்கள். எனக்கு இந்தப் பெயரில் மனக்குறை உண்டு. என் கண் சோம்பவில்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, கேட்பாரில்லை. நல்ல கண்ணைக் கொஞ்ச காலம் மூடி வைத்து மற்றதைப் பழக்கினால் தேறிவிடும். இந்த வைத்தியத்தை பியூஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1743-லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஏழெட்டு வயதுக்குள் செய்தால்தான் நல்ல பலன். அமெரிக்காவில் ஹ்யூபலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து, சில மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். கண் நன்றாக இருந்தது. மூளையில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்களோ அநேகமாக இல்லாமலே போயிருந்தன. மூடாத கண் அந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தால் கேடு வரவில்லை. முதல் கட்டுரைகள் 1963-ல் வந்தன. அப்போது எனக்கு ஏழு வயது. தெருவில் பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டாரிடமும் அம்மா அதிர்ஷ்டம் என்றேதான் சொன்னார்.

ஆகவே பேரனின் கண் ஒரு கணம் கோணினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் கோணாமல் இருந்தால்தானே! முதல் இரண்டு மாதம் அவனுடைய இரண்டு கண்ணும் சொல்லிவைத்ததுபோல் ஆளுக்கொரு பக்கம் போகும், பிறகு கூடும். ஒன்றரை மாதத்தில் அனோரதா சாலையில் இருக்கும் காளியம்மன் கோயிலுக்கு எடுத்துப் போனோம். குருக்கள் கற்பூரத் தட்டைக் கொண்டுவந்தபோது அவன் கண் சுடரைத் தொடர்ந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். வழுக்கிக்கொண்டு போகவில்லை. சுடர் முன்னே போய்விடும், கண் பின்தங்கும், பிறகு ஒரு தாவல். மறுபடி பின்தங்கும், மறுபடி தாவல். இருட்டில் எங்கள் மாடிப்படியைத் தடவித் தடவி இறங்குவதைப்போல. மூன்றாம் மாதம் அதே கோயிலில் அதே சுடருக்குப் பின்னால் அவன் கண் எண்ணெய் ஒழுகுவதுபோல ஒரே சீராகப் போனது.

அந்த மாதங்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எதையாவது பார்க்கத் தொடங்கினால் விடுபடத் தெரியாது. ஜன்னல் கம்பியில் கண் மாட்டிக்கொண்டால் மாட்டியதுதான். பார்த்துப் பார்த்து, பிறகு விலக முடியாமல் அழுவான். நாமாகத் தூக்கித் திருப்ப வேண்டும். குழந்தை எதையோ கண்டு பயந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் உப்பைச் சுற்றிப்போட்டார்கள். பார்வையை ஒன்றிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நடுவது தனி வித்தை, அது மூன்று நான்கு மாதத்தில்தான் கைவரும் என்று நான் சொன்னேன். உப்பும் போட்டார்கள், நானும் தூக்கித் திருப்பினேன். யாருடைய வைத்தியத்தில் அழுகை நின்றது என்பது இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

மை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண் பெரிதாகும் என்று மை தீட்டுவது நம் வீடுகளில் வழக்கம். கடையில் விற்கும் மை சிலவற்றில் ஈயம் இருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளைக்குப் பகை. விரலிலிருந்து கிருமியும் போகும். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றேன். கீழ்வீட்டுப் பர்மியப் பாட்டி தினமும், பர்மியர்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் 'தனக்கா' என்ற மரக்கட்டையைக் கல்லில் உரசி, சந்தனம்போல் இழைத்து, அவன் கன்னத்தில் இரண்டு மஞ்சள் வட்டம் பூசிவிடுவார். கறுப்புப் பொட்டும் மஞ்சள் வட்டமுமாக எங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டு தேசத்துப் பிள்ளையாக இருந்தான்.

நாலாம் மாதம் ஒரு மாலை மின்சாரம் போயிற்று. இங்கே இப்போது மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது; போனால் யாரும் பதறுவதில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மகள் மொபைலில் பிளாஷ் போட்டுக் குழந்தையை ஒரு போட்டோ எடுத்தாள். மாப்பிள்ளைக்கு அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். அவன் என் மனைவியின் வளையலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணின் நடுவில் சிவப்பு. மற்றதில் மஞ்சள் கலந்த வெள்ளை.

பிளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் போய் விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது கருமணி சிவப்பாகத் தெரிவது சரியான அடையாளம். நம் நிறத்தவர்களுக்குச் சற்று மங்கிய செம்பழுப்பாகத் தெரியலாம். வெள்ளையாகத் தெரிந்தால் வழியில் ஏதோ தடுக்கிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. பிறவிக் கண்புரையாக இருக்கலாம். விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அது கைக்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குமே பெரும்பாலும் வருவது, அரியது, காலத்தில் கண்டால் காப்பாற்றக்கூடியது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்றிரவு தூங்கவில்லை. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அவளும் என்னிடம் சொல்லவில்லை. விடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "டாக்டரிடம் காட்டிவிடலாம்" என்றோம்.

குழந்தைகளின் கண்ணைப் பார்க்கும் டாக்டர் ஒரு பர்மியப் பெண்மணி. என் மகள் வயது இருக்கும். சொட்டுமருந்து விட்டு, கருமணி விரிவதற்காக முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார். காத்திருக்கும்போது மகளைக் கேட்ட கேள்விகளில் ஒன்று: கர்ப்பத்தின் தொடக்கத்தில் காய்ச்சலும் உடம்பில் செம்புள்ளிகளும் வந்தனவா? அது ரூபெல்லாவுக்கான கேள்வி. 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் அந்தக் காய்ச்சல் வந்திருந்ததை அவர்தான் முதலில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். பர்மாவில் 2015-ல் தட்டம்மையோடு ரூபெல்லாவுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். என் மகளின் வயதுக்காரர்கள் அதற்கு முந்தியவர்கள். காய்ச்சல் எதுவும் வரவில்லை என்றாள்.

அறையை இருட்டாக்கி, டாக்டர் ஒரு கருவியைத் தன் கண்ணில் வைத்துக் குழந்தையின் கண்ணுக்குள் பார்த்தார். வலது. இடது. மறுபடியும் இடது. என் மகள் என் கைவிரலைப் பிடித்திருந்தாள், சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பதைப்போல. "இரண்டும் நன்றாக இருக்கின்றன" என்று பர்மிய மொழியில் டாக்டர் சொன்னார். மகளுக்கும் பர்மிய மொழி தெரியும். ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தமிழில் ஒரு முறை சொன்னேன்.

பிறகுதான் விளக்கம். போட்டோவில் குழந்தை நேராகப் பார்க்கவில்லை, வளையலைப் பார்த்தான். அந்தக் கோணத்தில் ஒரு கண்ணில் வெளிச்சம், பார்வை நரம்பு புறப்படும் வெளிறிய வட்டத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. அடிக்கடி நடப்பதுதான். "ஆனாலும் வந்தது நல்லது. வெள்ளை தெரிந்தால் இது கோணம்தான் என்று வீட்டிலேயே முடிவுசெய்துவிடாதீர்கள்" என்றார். விட்டால் போதும் என்று எழுந்திருக்க வேண்டியவன், மாறுகண்ணைப் பற்றியும் கேட்டுவிட்டேன். நாலு மாதம் வரை கண் அவ்வப்போது கோணிக் கூடுவது இயல்பு. அதற்குப் பிறகும் கோணினாலோ, எந்த வயதிலும் ஒரே கண் நிரந்தரமாகச் சாய்ந்திருந்தாலோ காட்ட வேண்டும். மூக்குத் தண்டு அகன்று, கண்ணோரத் தோல் மடிந்திருக்கும் குழந்தைகளுக்குக் கண் நேராக இருந்தாலும் கோணல்போலத் தெரியும். பர்மியக் குழந்தைகளை அப்படி நிறையக் கொண்டுவருவார்களாம். எதிரே ஒரு விளக்கைக் காட்டி, இரண்டு கருமணியிலும் அந்த ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் டார்ச்சுக்கு ஒரு வேலை கிடைத்தது.

கடைசியில் டாக்டர் என் முகத்தை ஒரு கணம் பார்த்து, "இடதுதானே?" என்றார். "ஆமாம்" என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் புரை என்றால் ஆறு எட்டு வாரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்கிறார்கள். மாதக்கணக்கல்ல, வாரக்கணக்கு! கனடாவில் டாஃப்னி மாரரின் குழு 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. புரை எடுத்த குழந்தைகளுக்குக் கண்ணில் லென்ஸைப் பொருத்தி, முதன்முதலாக உலகம் தெளிவாகத் தெரிந்த அந்தக் கணத்தில் பார்வையை அளந்தார்கள். மாதங்கள் ஆன குழந்தைக்கும் அது பிறந்த குழந்தையின் பார்வையாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்திலேயே முன்னேற்றம் தெரிந்தது. சும்மா விழித்துக்கொண்டிருப்பதே பாடம். நாங்கள் கீழே இறங்கி டாக்சிக்கு நின்ற நேரத்தில் பேரன் விரிந்த கருமணியோடு வெயிலுக்குக் கூசிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பாடமும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோதுதான் எனக்குப் பசித்தது. பக்கத்து டீக்கடையில் ஆளுக்கு இரண்டு சமோசா தின்றோம்.

காலம் கடந்து பார்வை வந்தவர்களின் கதை வேறு. 1688-ல் அயர்லாந்துக்காரரான மாலிநூ, தத்துவ அறிஞர் லாக்கிடம் ஒரு கேள்வி கேட்டார்: தொட்டுத் தொட்டு உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிக் குருடருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எதுவென்று சொல்வாரா? டில்லியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, இந்தியக் கிராமங்களில் பார்வையற்ற சிறுவர்களைத் தேடிச் சிகிச்சை கொடுக்கும் திட்டமொன்றை நடத்துகிறார். 2011-ல் அவர் குழு அதற்குப் பதில் சொன்னது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஐந்து பேர். கட்டு அவிழ்ந்தவுடன் கையால் தொட்டதைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் முடியவில்லை. சில நாட்களில் முடிந்தது. பாடம் பிந்தினாலும் அடியோடு போய்விடுவதில்லை என்பதில் எனக்கொரு பொறாமை கலந்த ஆறுதல்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரனின் பள்ளிக்கூடம் அதுதான். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரரும் பால்காரரும் கீழே பையை மாட்டி இழுத்துவிட்டால் மேலே மணி அடிக்கும். மழைக்காலத்தில் காற்றுக்கு எல்லாக் கயிறுகளும் சேர்ந்து ஆடும். அவனுக்கு அதைவிடப் பெரிய கூத்து கிடையாது. மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, இளஞ்சிவப்பு அங்கி அணிந்த பர்மியப் பெண்துறவிகள் வரிசையாகப் பிச்சைக்கு வந்தார்கள். அவன் என் தோளில் நிமிர்ந்து, கழுத்தை வளைத்து, வரிசை மறையும்வரை பார்த்தான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறம் இரண்டு மூன்று மாதத்தில் கூடிவருகிறது. நீலம் கொஞ்சம் பிந்தும். அலமாரி யானைக்கு அதன்பிறகுதான் விடிவு வந்தது.

முகங்களையும் இங்கே நிறையப் படித்திருப்பான். பிறந்த குழந்தைக்கு எல்லா இனத்து முகமும் ஒன்றே. மூன்று மாதத்தில் தன்னைச் சுற்றி அதிகம் காணும் முகஜாடையை விரும்பத் தொடங்கிவிடுகிறது. பஸ்காலி 2002-ல் குரங்கு முகங்களைக் காட்டிப் பார்த்தார்: ஆறு மாதக் குழந்தைகள் ஒரு குரங்கை இன்னொரு குரங்கிலிருந்து பிரித்தறிந்தன; ஒன்பது மாதத்தவர்களாலும் பெரியவர்களாலும் முடியவில்லை. தேவைப்படாத திறமையை மூளை கழற்றிவிடுகிறது. இஸ்ரேலில் குடியேறிய எத்தியோப்பியக் குடும்பத்துக் குழந்தைகளை வைத்து 2006-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. இரண்டு வகை முகங்களையும் நாள்தோறும் பார்த்து வளர்ந்த அந்தக் குழந்தைகள் எந்தப் பக்கமும் சாயவில்லை. கீழ்வீட்டில் பர்மியப் பாட்டி, எதிர்வீட்டில் சீனர், மாடியில் நாங்கள், முனையில் வங்காளி முஸ்லிம் டீக்கடை என்றிருக்கும் எங்கள் தெருவில் என் பேரனும் சாயமாட்டான் என்று நான் துணிந்து பந்தயம் கட்டுவேன். "பர்மாக்காரர்கள் எல்லோரும் ஒரே ஜாடை" என்று ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபமில்லை. ஒன்பது மாதத்துக்குள் அவருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

நிலாவை மட்டும் அவனுக்குக் காட்டவே முடியவில்லை. மின்சாரம் போனால் ரங்கூன் நிலா மிக நன்றாக இருக்கும். ஆறாம் மாதம் பால்கனியில் நின்று, "அதோ பார், நிலா" என்று விரலை நீட்டினேன். அவன் என் விரலைப் பார்த்தான். அருகே கொண்டுபோனால் கடித்தான். சுட்டும் விரலை விட்டு அது சுட்டும் திசைக்குக் கண் போவதற்கு முதலாண்டின் கடைசி ஆக வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரையையும் ஒன்பதுக்குச் சப்பாணியையும் வைத்துவிட்டு, அம்புலியைப் பதினைந்தாம் மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவர்கள் குழந்தை வளர்த்த வீட்டில் உட்கார்ந்துதான் பாடியிருக்க வேண்டும்.

தவழ ஆரம்பித்ததும் எங்களுக்கு மாடிப்படிக் கவலை வந்தது. கிப்சன், வாக் என்ற இருவர் 1960-ல் எழுதிய சோதனை இதற்கென்றே ஏற்பட்டது. கண்ணாடிப் பலகையின் ஒரு பாதிக்குக் கீழே உடனே கட்டம் போட்ட துணி. மறுபாதிக்கு அதே துணி ஆழத்தில். தாய்மார்கள் கூப்பிட, நடுப்பலகையை விட்டு இறங்கிய 27 குழந்தைகளில் மூன்றே பேர்தான் ஆழமான பக்கம் போனார்கள். குழந்தைக்குப் பள்ளம் தெரியும் என்று இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அந்த மூன்று பேரில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். வாசலுக்குக் குறுக்கே ஆசாரியை வைத்துப் பலகை அடித்தோம்.

இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளக்கும் திறம் மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் வந்துவிடுகிறது. படிப்படியாகக்கூட அல்ல, சில வாரங்களில் கிடுகிடுவென்று. எனக்கு அது வரவே இல்லை. அறுபத்தெட்டு வயதிலும் டீ ஊற்றினால் கோப்பையின் விளிம்பில் கெட்டில் முனையைத் தொட்டு வைத்துக்கொண்டுதான் ஊற்றுவேன். ஊசியில் நூல் கோர்ப்பது என் வேலையல்ல.

போன வாரம் கீழ்வீட்டுப் பாட்டியின் பேரன் ஒரு பழைய சின்லோன் பந்தை எங்களிடம் கொடுத்தான். பேரனுக்கு இப்போது பத்து மாதம். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து நான் பந்தை உருட்டினேன். அது தரையில் தட்டித் தட்டிக் கோணலாக வந்தது. அவன் கண் அதன் மேலேயே இருந்தது. பந்து வந்து சேர்வதற்கு முன்பே இரண்டு கையும் விரிந்து, வர வேண்டிய இடத்தில் காத்திருந்தன. பிடித்துவிட்டான். கொஞ்ச நேரம் வாயில் வைத்துப் பிரம்பைச் சுவைத்துவிட்டு, என்னை நோக்கித் தூக்கி எறிந்தான். நான் கையை மூடினேன். காற்றுதான் அகப்பட்டது, பந்து தோளில் பட்டு அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது.

அவன் அலமாரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எடுத்துவரச் சொல்லிக் கையைத் தட்டினான்.